திறப்பை யாரிடம் கொடுப்பது?



கடவுச்சொல் என்றதும் எம்மில் பலருக்கு வங்கி அட்டையின் நான்கு இலக்கங்கள்தான் நினைவுக்கு வரும். அந்த இலக்கங்களை அட்டையின் உறையிலேயே எழுதி வைத்திருப்பவர்கள் உண்டு. அட்டையையும் இலக்கத்தையும் சேர்த்தே மைத்துனரிடமோ பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமோ கொடுத்துப் பணம் எடுத்துவரச் சொல்பவர்களும் உண்டு. இம்மாதம் நான் எழுதுவது கடவுச்சொல்லைப் பாவிப்பவர்களைப் பற்றி மட்டுமல்ல. கடவுச்சொல் கேட்கும் கணனி நிரலைத் தமது கையாலேயே எழுதப் பழகும் எமது பெண்கள் சிலரைப் பற்றியும்தான்.

கட்டுகஸ்தோட்டைப் பக்கத்தில் ஒரு சிறிய மண்டபத்தில் சனிக்கிழமைகளில் இவர்கள் கூடுகிறார்கள். 1977 கலவரத்திற்குப் பிறகும் 1983 கலவரத்திற்குப் பிறகும் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்களின் பிள்ளைகள் சிலர். யுத்தம் அங்கேயும் துரத்த, மீண்டும் மலைநாட்டுக்கு வந்தவர்கள். கணவனை இழந்தபின் கண்டியில் இருக்கும் உறவினரை நம்பி வந்தவர்கள் வேறு சிலர். கலஹாவிலிருந்தும் தெல்தோட்டையிலிருந்தும் இரண்டு பஸ் மாறி வருபவர்களும் இருக்கிறார்கள். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படித்த ஒரு தங்கை பைதன் மொழியில் நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கிறார். நான் கணனி படித்தவளல்ல, சமூகவியல் படித்தவள். ஆனாலும் பக்கத்தில் இருந்து பார்த்து, கேட்டு, இப்போது புதியவர்களுக்கு நானும் கொஞ்சம் உதவுகிறேன்.

இவர்கள் எழுதும் நிரல் விளையாட்டுக்கு அல்ல. தமது சேமிப்புச் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைக் கணனிக்குக் கொண்டுவருகிறார்கள். அங்கத்தவரின் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், சேமிப்பு, கடன் எல்லாம் அதில் இருக்கும். அதற்கு ஒரு கதவு வேண்டும். கதவுக்குப் பூட்டு வேண்டும். அந்தப் பூட்டைச் செய்யும்போதுதான் சிக்கல்கள் ஒவ்வொன்றாக வந்தன. இவை உலகம் முழுவதும் புதிதாக நிரல் எழுதுபவர்கள் படும் சிக்கல்கள்தான். எனவே வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதல் நாள் தடுமாற்றங்கள்

ஒன்று: சமக்குறி. பைதனில் ஒரு சமக்குறி இட்டால் 'இந்தப் பெட்டிக்குள் இதைப் போடு' என்று பொருள். இரண்டு சமக்குறி இட்டால்தான் 'இரண்டும் ஒன்றா?' என்ற கேள்வி. கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் ஒரு சமக்குறி மட்டும் இட்டால் பைதன் ஓடாமல் நின்று பிழை காட்டும். இது நல்ல குணம். பீஎச்பீ போன்ற மொழிகளில் பிழை காட்டாது. சரியான கடவுச்சொல்லை அதுவே பெட்டிக்குள் போட்டுக்கொண்டு, யார் எதைத் தட்டினாலும் கதவைத் திறந்துவிடும். ஆகவே பூட்டைச் சோதிக்கும்போது சரியான சொல்லைக் கொடுத்துத் திறக்கிறதா என்று மட்டும் பார்க்கக் கூடாது. பிழையான சொல்லைக் கொடுத்துத் திறக்காமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டு: இலக்கமும் எழுத்தும். விசைப்பலகையில் 1947 என்று தட்டினாலும் பைதன் அதை எழுத்துக்களாகவே வாங்கிக்கொள்ளும். நிரலில் 1947 என்பது எண்ணாக இருந்தால் இரண்டும் ஒருபோதும் பொருந்தாது. "அக்கா, சரியாத்தானே அடிக்கிறேன், ஏன் பிழை எண்டு சொல்லுது?" என்று ஒரு சகோதரி அரை மணித்தியாலம் திரையோடு போராடியது இதனால்தான். இதற்கு மருந்தாக எல்லாவற்றையும் எண்ணாக மாற்றிவிடவும் கூடாது. அப்படிச் செய்தால் 0047 என்பது 47 ஆகிவிடும். முன்னால் உள்ள சைபர்கள் காணாமற்போகும். கடவுச்சொல்லைக் கூட்டப் போவதில்லை, கழிக்கப் போவதில்லை. அது எப்போதும் எழுத்தாகவே இருக்கட்டும்.

மூன்று: தெரியாமல் தட்டுவது. கடவுச்சொல்லை மறைத்து வாங்குவதற்குப் பைதனில் 'கெட்பாஸ்' என்றொரு வசதி உண்டு. அதைப் பாவித்தால் தட்டும்போது திரையில் நட்சத்திரம்கூட விழாது. விசைப்பலகை பழுதாகிவிட்டது என்று நினைத்து வேறு கணனிக்கு எழும்பிப் போனவர்கள் இருக்கிறார்கள். பழுது இல்லை. எத்தனை எழுத்து என்பதைக்கூடப் பின்னால் நிற்பவருக்குக் காட்டாமல் இருப்பதுதான் அதன் வேலை.

நான்கு: மூன்று தடவை. மூன்று முறை பிழையானால் நிரல் நின்றுவிட வேண்டும். ஆனால் எண்ணிக்கையைத் தொடங்கும் வரியைச் சுற்றுக்கு உள்ளே எழுதினால், ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கை மறுபடி சைபராகும். பிறகு விடியும்வரை தட்டிக்கொண்டே இருக்கலாம். எண்ணிக்கையைத் தொடங்கும் வரி சுற்றுக்கு வெளியே, மேலே இருக்க வேண்டும்.

ஐந்து: பிழைச் செய்தி. 'இந்தப் பெயரில் அங்கத்தவர் இல்லை' என்று ஒரு செய்தியும் 'கடவுச்சொல் பிழை' என்று இன்னொரு செய்தியும் எழுதுவது புதியவர்களின் வழக்கம். உதவியாகத்தான் எழுதுகிறார்கள். ஆனால் ஊரில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தால் யார் சங்கத்தில் இருக்கிறார், யார் இல்லை என்று வெளியாள் அறிந்துகொள்வார். 'பெயர் அல்லது கடவுச்சொல் பொருந்தவில்லை' என்ற ஒரே செய்தி போதும்.

எமது தமிழ் எழுத்துக்குரிய சிக்கல்

இதை ஆங்கிலப் புத்தகங்களில் அதிகம் காண முடியாது. 'தமிழ்' என்ற சொல்லில் எமது கண்ணுக்கு மூன்று எழுத்து. பைதனிடம் நீளம் கேட்டால் ஐந்து என்று சொல்லும். த, ம, இகர விசிறி, ழ, புள்ளி என்று தனித்தனியாக எண்ணுகிறது. 'பெரிய எழுத்து ஒன்று கட்டாயம் வேண்டும்' என்று நிபந்தனை எழுதினால் தமிழ்க் கடவுச்சொல் எதுவும் தேறாது; தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் இல்லை.

இன்னொன்று. 'கொ' என்பதைக் கணனி இரண்டு விதமாக வைத்திருக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். அல்லது கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்க்கலாம். பார்வைக்கு ஒன்றுதான். கணனிக்கு இரண்டும் வேறு. ஒரு தொலைபேசியில் பதிந்த சொல் இன்னொரு தொலைபேசியில் பொருந்தாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். பைதனில் உள்ள யூனிகோட் வசதியைக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிய பின்னரே ஒப்பிட வேண்டும்.

பாமினி முறையில் தட்டச்சுப் பழகியவர்களுக்கு வேறு வில்லங்கம். பாமினியில் 'அம்மா' என்று தட்டும்போது உண்மையில் உள்ளே போவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகள்தான். தமிழாகக் காட்டுவது எழுத்துருவின் வேலை. மறைத்து வாங்கும் இடத்தில் திரையில் ஒன்றும் தெரியாததால், தமிழில் கடவுச்சொல் வைத்திருக்கிறோம் என்றே நினைத்திருப்போம். யூனிகோட் விசைப்பலகை உள்ள கணனியில் அதே 'அம்மா'வைத் தட்டினால் கதவு திறக்காது. எந்தக் கணனியில் எந்த முறையில் தட்டினோம் என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரைத்து வைப்பது

இனி முக்கியமான இடம். அங்கத்தவர்களின் கடவுச்சொற்களை எங்கே வைப்பது? பெயருக்குப் பக்கத்தில் அப்படியே எழுதி வைப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. "நான்தானே பார்ப்பேன், எங்கட ஆக்கள்ட்ட நான் களவெடுப்பனா?" என்று பொருளாளர் சகோதரி கேட்டார். அவர் எடுக்கமாட்டார். ஆனால் அந்தக் கணனியைத் திருத்தக் கொடுக்கும் கடைக்காரர்? அதை வாங்கிப் பாவிக்கும் மகனின் கூட்டாளி? பலர் சங்கத்துக்கும் வங்கி அட்டைக்கும் முகநூலுக்கும் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு பட்டியல் வெளியே போனால் எல்லாக் கதவுகளும் திறந்துவிடும்.

பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் பலர் ஒரே கணனியைப் பகிர்ந்து பாவித்தார்கள். பேர்னாண்டோ கோர்பட்டோவின் தலைமையில் உருவான அந்த அமைப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் இருந்தது. 1962 இல் அலன் ஷேர் என்ற மாணவர் தமக்கு ஒதுக்கிய கணனி நேரம் போதாமல், கடவுச்சொற்கள் இருந்த கோப்பையே அச்சிட்டு எடுத்தார். பின்னாளில் அவரே அதைச் சொல்லியும் இருக்கிறார். 2009 டிசம்பரில் ரொக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்திலிருந்து 3 கோடி 20 இலட்சம் அளவிலான கடவுச்சொற்கள் திருடப்பட்டன. அத்தனையும் அப்படியே எழுதி வைக்கப்பட்டிருந்தன. அவற்றில் மிக அதிகம் பேர் வைத்திருந்த கடவுச்சொல் என்ன தெரியுமா? 123456.

இதற்கு வழி, அரைத்து வைப்பது. காய்ந்த மிளகாயை அரைத்தால் தூள் வரும். தூளிலிருந்து மிளகாயைத் திரும்ப எடுக்க முடியாது. அதுபோலக் கடவுச்சொல்லை ஒரு கணித முறையால் அரைத்து, அந்தத் தூளை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கத்தவர் மறுபடி வந்து சொல்லைத் தட்டும்போது அதையும் அரைத்து, இரண்டு தூளும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். சங்கத்தின் புத்தகத்தில் சொல் இல்லை, தூள்தான் இருக்கிறது.

ஆனால் இரண்டு பேர் ஒரே சொல்லை வைத்திருந்தால் தூளும் ஒன்றாகவே இருக்கும். ஒருவருடையது தெரிந்தால் மற்றவருடையதும் தெரிந்துவிடும். அதற்காக ஒவ்வொருவருக்கும் வெவ்வேறான எழுத்துக் கலவை ஒன்றைச் சேர்த்து அரைக்கிறார்கள். அதற்குப் பெயரே உப்பு! பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ரொபேட் மொரிஸும் கென் தொம்சனும் 1979 இல் எழுதிய கட்டுரையில் இதை விளக்கினார்கள். வேகமாக அரைக்கும் முறையும் கூடாது. திருடன் கோடிக்கணக்கான சொற்களை அரைத்துப் பார்ப்பான் அல்லவா? ஆகவே அம்மியில் அரைப்பதுபோல வேண்டுமென்றே மெதுவாக அரைக்கும் முறைகளை உருவாக்கியிருக்கிறார்கள். 1999 இல் வந்த பீகிரிப்ட் அப்படியொன்று. எஸ்கிரிப்ட், ஆர்கன்2 என்பன பின்னர் வந்தவை. இவற்றை நாமே கண்டுபிடிக்க முயலக் கூடாது. வல்லுநர்கள் சோதித்துத் தந்ததை எடுத்துப் பாவிப்பதே புத்தி.

இங்கேயும் புதியவர்களுக்கு மூன்று சிக்கல் வரும். முதலாவது, ஒவ்வொரு தடவையும் புதிய உப்பு சேர்வதால், நாமே மறுபடி அரைத்து இரண்டு சமக்குறி இட்டு ஒப்பிட்டால் பொருந்தாது. பழைய உப்பு தூளோடு சேர்த்தே எழுதப்பட்டிருக்கும். அதை எடுத்துச் சரிபார்க்கும் கட்டளை தனியாக உண்டு, அதைத்தான் பாவிக்க வேண்டும். இரண்டாவது, பீகிரிப்ட் தரும் தூள் 60 எழுத்து நீளமானது. தரவுத்தளத்தில் 50 எழுத்துக்கு மட்டும் இடம் ஒதுக்கினால் வால் வெட்டுப்படலாம். வெட்டுப்பட்டால் சரியான சொல்லும் என்றைக்கும் பொருந்தாது. மூன்றாவது தமிழுக்குரியது. பீகிரிப்ட் 72 பைட் வரையே பார்க்கும். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் தேவை. ஆக 24 குறிகளோடு இடம் முடிந்துவிடும். நீளமான தமிழ் வாக்கியத்தின் மீதியைச் சில பதிப்புகள் சத்தமில்லாமல் விட்டுவிடும். தமிழில் நீளமாக வைக்க விரும்பினால் எஸ்கிரிப்ட் அல்லது ஆர்கன்2 பொருத்தம்.

அரைத்து வைத்தால் மறந்துபோனவருக்குப் பழைய சொல்லை எடுத்துக் கொடுக்க முடியாதே என்று கேட்டார்கள். முடியாது. புதிய சொல் வைக்கத்தான் உதவலாம். இதிலிருந்து நிரல் எழுதாத சகோதரிகளும் ஒன்றை அறிந்துகொள்ளலாம். 'உங்கள் பழைய கடவுச்சொல் இதுதான்' என்று எந்த நிறுவனமாவது உங்களுக்கு எழுதி அனுப்பினால், அங்கே அதை அரைத்து வைக்கவில்லை என்று பொருள். அந்தச் சொல்லை வேறெங்கும் பாவிக்காதீர்கள்.

பட்டியல் என்றால் என்ன

இத்தனை கஷ்டம் எதற்கு, சின்னச் சங்கம்தானே என்று கேட்கலாம். பட்டியல் ஒன்று தவறான கையில் கிடைத்தால் என்ன நடக்கும் என்று எம்மவர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிப் போனார்கள் என்பது பல நூல்களில் பதிவாகியிருக்கிறது. தேர்தலுக்காகத் தயாரித்த பட்டியல் அது. தயாரித்த நோக்கம் வேறு, பாவித்த நோக்கம் வேறு.

எமது சங்கத்தின் பட்டியலில் யார் யார் தனியாக வாழும் பெண்கள், யாரிடம் எவ்வளவு சேமிப்பு இருக்கிறது, எந்த வீட்டில் ஆண் துணை இல்லை என்பதெல்லாம் தெரியும். கடன் கொடுத்து வட்டி வாங்குபவருக்கும், தனியாக இருப்பவளைத் தொந்தரவு செய்பவருக்கும் அது பெரிய தகவல். ஆகவே நிரல் எழுதும் சகோதரியின் கையில் இருப்பது கணக்கு மட்டுமல்ல, இத்தனை பெண்களின் பாதுகாப்பும்தான். தேவையில்லாத விபரத்தைக் கேட்டு வாங்காமல் இருப்பது அந்தப் பாதுகாப்பின் முதற்படி. சேமிப்புக் கணக்குக்குக் கணவர் எப்படி இறந்தார் என்ற விபரம் எதற்கு? அந்த நிரலை அழித்துவிடும்படி வகுப்பில் எல்லோரும் சேர்ந்தே முடிவெடுத்தார்கள்.

சட்டமும் இதைப் பேசுகிறது. அனுமதியின்றி ஒருவரின் கணனிக்குள் நுழைவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டத்தின்படி குற்றம். தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்புக்கென 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமும் நிறைவேற்றப்பட்டிருக்கிறது.

இரகசியம் எது?

கடவுச்சொல் தெரிவு செய்யும் பயிற்சியில் எங்களைச் சிந்திக்க வைத்த விடயம் ஒன்று. பலர் வைத்திருந்தது அடையாள அட்டை இலக்கம். அந்த இலக்கத்தில் பிறந்த வருடமும், அந்த வருடத்தில் எத்தனையாவது நாளில் பிறந்தோம் என்பதும் உண்டு. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டப்படும். உங்கள் பிறந்த நாள் தெரிந்தவருக்குப் பாதி இலக்கம் ஏற்கெனவே தெரியும். மீதியைக் கடைசியாகப் போட்டோப்பிரதி எடுத்த கடையில் பார்க்கலாம்.

வேறு சிலர் வைத்திருந்தது இல்லாமற்போனவர்களின் பெயர். ஒரு அம்மா தேடிக்கொண்டிருக்கும் மகனின் பெயரையும் அவன் பிறந்த திகதியையும் சேர்த்து வைத்திருந்தார். 'ஒவ்வொரு நாளும் ஒருக்கா எண்டாலும் அவன்ட பேர எழுதுறன் மகள்' என்றார். அதற்கு உடனே மறுமொழி சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. வகுப்பு நடத்தும் தங்கைதான் மெதுவாகக் கேட்டார்: "அம்மா, இந்தப் பேரை இதுவரைக்கும் எத்தனை படிவத்தில எழுதிக் குடுத்திருப்பீங்க?" அம்மா விரல் விட்டு எண்ணினார். பொலிஸ், செஞ்சிலுவைச் சங்கம், மனித உரிமை ஆணைக்குழு, ஆணைக்குழுக்கள், காணாமற்போனோர் அலுவலகம். எல்லாவற்றிலும் பெயரும் பிறந்த திகதியும் இருக்கின்றன. நாம் நேசிக்கும் பெயர் எமக்குப் பெரியது. ஆனால் அது இரகசியம் அல்ல. அதை உலகம் அறிய வேண்டும் என்றுதானே இத்தனை வருடம் எழுதிக் கொடுத்தோம்? பூட்டுக்கு வேண்டியது வேறு எங்கும் எழுதாத சொல். அந்த அம்மா மகனின் பெயரைச் சங்கக் கொப்பியின் முதற் பக்கத்தில் பெரிதாக எழுதினார். பூட்டுக்கு வேறு சொற்கள் தெரிந்தெடுத்தார்.

நல்ல கடவுச்சொல் எது? அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனம் 2017 இல் வெளியிட்ட வழிகாட்டல் முன்னைய எண்ணங்களை மாற்றியது. குறியீடும் பெரிய எழுத்தும் கலந்து வைக்கும்படி கட்டாயப்படுத்த வேண்டாம். காரணமின்றி அடிக்கடி மாற்றச் சொல்ல வேண்டாம். நீளமாக வைக்க விடுங்கள். எல்லோரும் வைக்கும் சொற்களை மறுத்துவிடுங்கள் என்று அது சொல்கிறது. பழைய பத்திரிகை ஒன்றைத் திறந்து, கண்ணை மூடி விரல் வைத்து, தொடர்பில்லாத நாலைந்து சொற்களை எடுங்கள். 'ஆமை குடை புகையிரதம் கொச்சிக்காய் ஜன்னல்' என்பதுபோல. இதையே வைத்துவிடாதீர்கள், அச்சிட்டாயிற்று!

இம்மாதம் செய்யக்கூடியவை

1. வங்கி அட்டையின் உறையில் எழுதியிருக்கும் இலக்கத்தை அழித்துவிடுங்கள். வேறொருவருக்குத் தெரிந்திருந்தால் வங்கியில் மாற்றிக்கொள்ளுங்கள்.

2. வங்கிக்கு ஒரு சொல், தொலைபேசிக்கு ஒன்று, சங்கத்துக்கு ஒன்று என்று வேறாக்குங்கள். நினைவில் நிற்காவிட்டால் கொப்பியில் எழுதி உடுப்புப் பெட்டியில் பூட்டி வையுங்கள். அட்டையோடு ஒன்றாக வைக்க வேண்டாம்.

3. தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். வங்கியில் வேலை செய்பவர் என்று சொன்னாலும் சொல்லாதீர்கள்.

4. உங்கள் சங்கத்தின் விபரங்களைக் கணனியில் ஏற்றுபவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எங்களுடைய கடவுச்சொல்லை அரைத்து வைத்திருக்கிறீர்களா? இந்த விபரம் எல்லாம் உங்களுக்கு ஏன் வேண்டும்?

5. மகள் நிரல் எழுதப் பழகினால், பிழைச் செய்தி வரும்போது பக்கத்தில் இருங்கள். பிழைச் செய்தி திட்டு அல்ல. எந்த வரியைத் திருத்த வேண்டும் என்று காட்டும் வழிகாட்டி.

வீட்டுத் திறப்பை நம்பிக்கையானவரிடம் கொடுத்துவிட்டுப் போகும் ஊர் எங்களுடையது. அந்த நம்பிக்கை நல்லது, அது இருக்கட்டும். ஆனால் யாரிடம் கொடுப்பது, எப்போது திரும்ப வாங்குவது என்பதை நாமே தீர்மானிக்க வேண்டும். அடுத்த மாதம், கைத்தொலைபேசியைப் பிள்ளைகளோடு பகிர்ந்து பாவிக்கும் வீடுகளில் கவனிக்க வேண்டியவை பற்றிப் பேசுவோம்.